கணினி விளையாட்டுகளின் வரலாறு – 17: பூட்டில்லாத கடை

காசு கொடுத்து வாங்கிய கணினி விளையாட்டை, வாங்கியவர் தம் விருப்பப்படி எந்தக் கணினியிலும் எத்தனை ஆண்டுகள் கழித்தும் இயக்கிக்கொள்ளலாமா, அல்லது ஒவ்வொரு முறையும் விற்றவரின் அனுமதியைப் பெற்றுத்தான் இயக்க வேண்டுமா என்ற வழக்கு, இணையம் வீடுகளுக்குள் வந்த பிறகு எழுந்ததாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. வழக்கு அதைவிடப் பழையது. நெகிழ்வட்டுக் காலத்திலும் குறுவட்டுக் காலத்திலும் பூட்டும் திறவுகோலும் வாங்கியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தன. 2004-க்குப் பிறகு திறவுகோல் மட்டும் விற்றவரின் கைக்குத் திரும்பிப் போனது. அந்த இடமாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதும், அதை ஏற்க மறுத்துப் போலந்து நாட்டில் தோன்றிய ஒரு கடை எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க இயலவில்லை என்பதும் இப்பகுதியின் பொருள்.

வீட்டுக்குள் இருந்த பூட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1990-ல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’. அதன் பெட்டிக்குள் நெகிழ்வட்டுகளோடு ஓர் அட்டைச் சக்கரமும் இருந்தது: ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் பொருத்தப்பட்ட இரு வட்ட அட்டைகள், ஒன்றில் கடற்கொள்ளையர் முகங்களின் மேற்பாதி, மற்றதில் கீழ்ப்பாதி. விளையாட்டைத் தொடங்கியதும் திரையில் ஒரு முகம் தோன்றும். சக்கரத்தைத் திருப்பி அதே நெற்றியையும் அதே தாடையையும் ஒன்றுசேர்த்து, திரை குறிப்பிடும் ஊருக்கு நேரே உள்ள சிறு துளையில் தெரியும் ஆண்டைத் தட்டச்சு செய்தால்தான் கதை நகரும். வட்டை நண்பருக்கு நகலெடுத்துக் கொடுப்பவர் சக்கரத்தை நகலெடுக்கச் சோம்பல்படுவார் என்பது நிறுவனத்தின் கணக்கு. சக்கரத்தைப் பிரித்து ஒளிநகல் எடுத்தவர்கள் அந்தக் கணக்கைப் பொய்யாக்கினர். சக்கரம் தொலைந்தால் வாங்கியவருக்கே விளையாட்டு இல்லை என்பது உண்மைதான் என்றாலும், அது கையில் இருக்கும்வரை, வெளியிட்ட நிறுவனமே இழுத்து மூடப்பட்டாலும், விளையாட்டு ஓடும்.

குறுவட்டு எழுதும் கருவிகள் மலிந்ததும் வட்டுக்கே பூட்டுப் போட வேண்டியதாயிற்று. சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற நகல் தடுப்பு முறைகள், வீட்டுக் கருவிகளால் அப்படியே படியெடுக்க முடியாத சில குறிகளை வட்டில் பதித்து, விளையாட்டு தொடங்கும்போது கணினியில் இருப்பது ஆலையில் அச்சிட்ட அசல்தானா என்று தேடிப் பார்த்தன. சேஃப்டிஸ்க் இதற்காக விண்டோஸ் இயங்குதளத்தின் அடித்தட்டிலேயே ஓர் ‘இயக்கி’யை, அதாவது கருவிகளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று பேசும் நிரலை, நிறுவியது. அவ்வளவு ஆழத்தில் இருக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் அதன் வழியே எவரும் நுழையலாம் என்பதால், 2015-ல் வந்த விண்டோஸ் 10 அந்த இயக்கியை ஏற்க மறுத்தது. பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அதே ஆண்டு ஒரு பாதுகாப்புத் திருத்தம் அதைச் செயலிழக்கச் செய்தது. முறையாக வாங்கி, கீறல்படாமல் அலமாரியில் காத்த வட்டு ஓட மறுத்தது. பூட்டை உடைத்துச் சுற்றுக்கு விடப்பட்ட திருட்டு நகல் தடையின்றி ஓடியது. நேர்மையாக வாங்கியவரே அல்லற்படும் இந்தத் தலைகீழ் நிலை, இனி வரும் நிகழ்ச்சிகளிலும் வேறு வேறு உருவில் தலைகாட்டுகிறது.

திறவுகோல் இடம்மாறிய நாள் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் 2004 நவம்பர் 16-ஐச் சுட்டலாம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் அன்று ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டை வெளியிட்டது. அதைக் கடையில் பெட்டியாக வாங்கியவரும், முந்தைய ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் தொடங்கியிருந்த ‘ஸ்டீம்’ என்ற இணையச் சேவையில் கணக்குத் திறந்து, பெட்டிக்குள் இருந்த எண்ணை அதில் பதிந்து, நிறுவனத்தின் சேவையகம், அதாவது தொலைவிலிருந்து கோரிக்கைகளுக்கு விடையளிக்கும் மையக் கணினி, ஒப்புதல் தரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் நாள் நெரிசலைச் சேவையகம் தாங்காமல் திணறியதால், வட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆட முடியாமல் தவித்தவர்கள் பலர். ஒரு கணக்கில் பதிந்த எண் இன்னொருவருக்கு மாறாது என்பதால், ஆடி முடித்த விளையாட்டைப் பாதி விலைக்கு விற்கும் பழக்கமும் அத்தோடு முடிவுக்கு வந்தது. ஸ்டீமின் ஒப்பந்தம் வாங்கியவரைச் ‘சந்தாதாரர்’ என்றே அழைத்தது. விளையாட்டு அவருக்கு விற்கப்படவில்லை, உரிமத்தின் பேரில் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது என்றும் அது எழுதி வைத்திருந்தது.

ஸ்டீமுக்கு நியாயம் செய்வதானால், அது பூட்டை மட்டும் கொண்டுவரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வாங்கிய விளையாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பதிவிறக்கலாம், திருத்தங்கள் தாமாக வந்து சேரும், வட்டு தொலையும் கவலை இல்லை என்ற வசதிகளே அதைப் பெருங்கடையாக வளர்த்தன. தன் பூட்டைப் பயன்படுத்துமாறு வெளியீட்டாளர்களை அது வற்புறுத்துவதும் இல்லை. அங்கே விற்கும் விளையாட்டுகளில் ஒரு பகுதி, பதிவிறக்கிய பிறகு ஸ்டீம் இல்லாமலேயே இயங்கும். எவை அப்படிப்பட்டவை என்று கடைப்பக்கம் சொல்வதில்லை என்பதுதான் குறை.

வசதியைத் தராமல் பூட்டை மட்டும் பிறர் எடுத்துக்கொண்டபோது எதிர்ப்பு வெடித்தது. 2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்போர்’, ஒற்றை உயிரணுவில் தொடங்கி விண்வெளி நாகரிகம்வரை வளர்த்தெடுக்கும், வில் ரைட் வடிவமைத்த, பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட விளையாட்டு. அதில் இணைக்கப்பட்டிருந்த செக்யூரோமின் புதிய வடிவம், மூன்று முறைக்கு மேல் விளையாட்டுக்குச் செயலாக்க ஒப்புதல் தராது; கணினியை மாற்றியவர் மூன்றில் ஒன்றை இழப்பார்; நான்காவது முறைக்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவை நாடிக் காரணம் சொல்ல வேண்டும். அமேசான் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாயிற்று, வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, அவ்வாண்டில் மிக அதிகமாகத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கப்பட்ட விளையாட்டு என்று டொரென்ட்ஃபிரீக் செய்தித்தளம், ஏறத்தாழ 17 இலட்சம் பதிவிறக்கங்களோடு, ‘ஸ்போரை’யே முதலிடத்தில் வைத்தது. அடுத்த சில ஆண்டுகளின் கதை இதன் மறுபதிப்பு. 2010-ல் யூபிசாஃப்ட், ஒருவர் தனியே ஆடும் ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ விளையாட்டுக்கே இடையறாத இணைய இணைப்பைக் கட்டாயமாக்கி, வெளியான முதல் வாரத்திலேயே சேவையகங்கள் முடங்கியதைக் கண்டது. 2012 மே மாதத்தில் ‘டயாப்லோ 3’ வாங்கியவர்களை ‘பிழை 37’ என்ற அறிவிப்பு வாசலிலேயே நிறுத்தியது. 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ தனியே நகரம் கட்ட உட்கார்ந்தவரைக்கூட வரிசையில் காக்க வைத்து, ஓராண்டு கழித்து, எளிதில் முடியாது என்று முன்பு சொல்லப்பட்ட இணையமில்லா ஆட்டத்தைச் சேர்த்துக்கொண்டது.

போலந்தில் இந்தக் கதை எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. கம்யூனிச ஆட்சி 1989-ல் முடிவுற்ற பின்னும், கணினி நிரல்களைத் தெளிவாகக் காக்கும் பதிப்புரிமைச் சட்டம் அங்கே 1994 பிப்ரவரியில்தான் நிறைவேறியது. அதுவரை, வார்சா நகரின் கிஷிபொவ்ஸ்கா தெருவில் வார இறுதிகளில் கூடிய கணினிச் சந்தையில், நகலெடுத்த வட்டுகளை மேசை போட்டு விற்பது ஒளிவுமறைவற்ற தொழில். பள்ளித் தோழர்களான மார்சின் இவின்ஸ்கியும் மிஹாவ் கிச்சின்ஸ்கியும் வணிகம் கற்றது அந்தச் சந்தையில்தான். தொடக்கத்தில் நகல்களை விற்றதை அவர்கள் பின்னாளில் மறைக்கவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து அசல் குறுவட்டுகளை வரவழைத்து விற்கத் தலைப்பட்ட இருவரும், 1994-ல் ஏறத்தாழ 2,000 டாலர் முதலோடு, நண்பர் ஒருவர் வாடகையின்றித் தந்த இடத்தில் ‘சிடி புரொஜெக்ட்’ நிறுவனத்தைத் தொடங்கினர். சட்டம் வந்துவிட்டதே தவிரச் சந்தை மாறிவிடவில்லை. அவர்களுக்குப் போட்டியாக இருந்தவர் இன்னொரு நிறுவனத்தார் அல்லர், அதே விளையாட்டை அடுத்த மேசையில் அடிமாட்டு விலைக்கு விற்றவர். அவரைப் போலீஸைக் கொண்டு ஒழிக்க முடியாது என்பது இருவருக்கும் அனுபவத்தில் தெரியும்.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்த முதல் பெரிய முயற்சி 1999-ல் வந்தது. ஐந்து குறுவட்டுகளில் அடங்கிய ‘பால்டர்ஸ் கேட்’ என்ற நெடுங்கதை விளையாட்டை முழுவதும் போலிஷ் மொழியாக்கி, நாடறிந்த நடிகர்களின் குரலைப் பதிந்து, பழந்தோல் போலத் தோன்றும் வரைபடம், ஆட்ட விதிநூல், இசைவட்டு ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்து, அன்றைய வழக்கமான விலையைவிடக் கூடுதலாகவே விற்றனர். முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் விற்றதாக நிறுவனத்தார் கூறுவர். மங்கி ஐலண்டின் சக்கரத்தையும் இந்த வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இரண்டும் நகலெடுக்கத் தொல்லையான காகிதங்களே. முன்னது இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், பின்னது இல்லாவிட்டாலும் ஆட்டம் ஓடும், ஆனால் அதை வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். அசலை வாங்கியவருக்குத் திருட்டு நகல் வைத்திருப்பவரைவிட ஒன்று கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற இந்த எளிய கணக்கைத்தான் பெரு நிறுவனங்கள் அடுத்த பத்தாண்டுகள் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தன.

இதே குழுமம் 2008-ல் ‘குட் ஓல்ட் கேம்ஸ்’ என்ற இணையக் கடையைத் திறந்தது. 2012-லிருந்து அதன் பெயர் ஜிஓஜி என்று சுருங்கியது. அதன் முதல் சரக்கு, கடைகளில் கிடைக்காமல் போன பழைய விளையாட்டுகள். விலை அன்று பெரும்பாலும் 5.99 அல்லது 9.99 டாலர். ஒரே நிபந்தனையை அது வெளியீட்டாளர்களிடம் வைத்தது: எண்ணிம உரிமை மேலாண்மை, சுருக்கமாக டிஆர்எம், எனப்படும் எந்தப் பூட்டும் விளையாட்டில் இருக்கக் கூடாது. இன்டர்பிளேவும் கோட்மாஸ்டர்ஸும் முதலில் இணங்கின. 2009-ல் யூபிசாஃப்டும் வந்து சேர்ந்தது. தன் பழைய விளையாட்டுகளைப் பூட்டின்றி இந்தக் கடையில் விற்றுக்கொண்டே அடுத்த ஆண்டு புதிய விளையாட்டுக்கு இடையறாத இணைப்பைக் கட்டாயமாக்கியதில் அந்நிறுவனம் முரண்பாடு எதையும் காணவில்லை. வெளியான முதல் சில வாரங்களில்தான் விளையாட்டின் வருவாயில் பெரும்பங்கு வருகிறது. பத்தாண்டு பழைய சரக்கைத் திருடுபவரைப் பற்றி எந்தக் கணக்காளரும் கவலைப்படுவதில்லை.

பழைய விளையாட்டை மீண்டும் விற்பது கேட்பதற்கு எளிது. நிறுவனங்கள் கைமாறியும் கலைந்தும் போனதால் ஒரு விளையாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும். 1990-களின் தொடக்கத்தில் வந்தவை டாஸ் இயங்குதளத்துக்கு எழுதப்பட்டவை என்பதால், அந்தப் பழங்கணினியைப் புதிய கணினிக்குள் போலச்செய்து காட்டும் ‘டாஸ்பாக்ஸ்’ என்ற கட்டற்ற மென்பொருளுக்குள் அவற்றைப் பொருத்தித் தர வேண்டும். வாங்கியவரின் கைக்கு வருவது ஒரு ‘நிறுவி’, அதாவது விளையாட்டைக் கணினியில் பதித்துத் தரும் கோப்பு. பெரிய விளையாட்டாக இருந்தால் அதோடு ஒரே பெயரில் வரிசை எண்ணிட்ட சில துணைக்கோப்புகளும் இருக்கும். கையேட்டின் மின்னூலும் இசைக்கோப்புகளும் பலவற்றில் இலவச இணைப்பு. இவற்றை ஒரு வெளிவட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, இணையமே இல்லாத ஒரு கணினியில் செருகி, நிறுவியை இருமுறை சொடுக்கினால், அது பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ வரிசை எண்ணையோ கேட்காது; எந்தச் சேவையகத்தையும் அழைக்காது. எந்தக் கோப்புறையில் பதிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையை முடித்துவிடும். மங்கி ஐலண்டின் சக்கரம்கூடக் கேட்ட கேள்வியை இது கேட்பதில்லை.

2010 செப்டம்பரில் இந்தக் கடை ஒரு நாள் திடீரென்று மூடிக் கிடந்தது. இந்த வடிவில் இனிக் கடையை நடத்த இயலாது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டும் தொங்கியது. நான்கு நாட்கள் கழித்து, அது புதிய வடிவத்துக்கான விளம்பர உத்தி என்று அறிவித்து, நிறுவனத்தார் துறவி உடையில் தோன்றி மன்னிப்புக் கோரினர். வேடிக்கை மலிவானது, ஆனால் கடைக்காரர் உத்தேசிக்காத ஒரு பாடம் அதில் இருந்தது. நிறுவிகளைப் பதிவிறக்கித் தம் வட்டில் வைத்திருந்தவர்களுக்கு அந்த நான்கு நாட்களில் ஒரு குறையும் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கிலேயே விட்டுவைத்தவர்கள், பூட்டுள்ள கடையில் வாங்கியவர்களின் நிலையிலேயே இருந்தனர்.

பூட்டில்லாமல் விற்றால் திருட்டுப் பெருகாதா என்ற கேள்விக்கு விடைபோன்ற ஒன்று 2011-ல் கிடைத்தது. ஆன்ஜெய் சப்கோவ்ஸ்கியின் கதைமாந்தரை வைத்துச் சிடி புரொஜெக்ட் குழுமமே உருவாக்கிய ‘த விட்சர் 2’, மே 17 அன்று இரண்டு வடிவங்களில் வெளிவந்தது: கடைகளில் விற்ற வட்டில், பகிர்ந்தளித்த நிறுவனங்களின் விருப்பப்படி, செக்யூரோம் பூட்டு இருந்தது; தம் சொந்த இணையக் கடையில் அதையே பூட்டின்றி விற்றனர். பூட்டில்லாத கோப்பைத்தான் எல்லாரும் அப்படியே சுற்றுக்கு விடுவார்கள் என்று நிறுவனத்தாரே எதிர்பார்த்திருந்தனர். ஆனால் மிகுதியாகப் பரவியது, வட்டிலிருந்து பூட்டுடைத்து எடுக்கப்பட்ட நகல்தான் என்று இவின்ஸ்கி பின்னர் கூறினார். பூட்டு உடைப்போர் கூட்டங்களில் உடைத்தவருக்குத்தான் பெருமை, உடைக்க ஒன்றுமில்லாத கோப்பை வெளியிடுவதில் யாருக்கும் பெயர் கிடைக்காது. இரு வாரங்களுக்குள் வந்த முதல் பெரிய திருத்தம், வட்டில் வாங்கியவர்களுக்கும் பூட்டை நீக்கிவிட்டது. இக்கதையின் மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும்: அதே ஆண்டு இறுதியில் ஜெர்மனியில் திருட்டு நகல் இறக்கியவர்கள் என்று கருதப்பட்டோருக்கு இழப்பீடு கேட்டுச் சட்ட அறிவிப்புகள் அனுப்பப்பட்டதும், எதிர்ப்பு கிளம்பியபின் 2012 ஜனவரியில் நிறுவனம் அதைக் கைவிட்டதும் அதன் வரலாற்றில் உண்டு. வாடிக்கையாளரை நம்புகிறோம் என்று சொல்லி வளர்ந்த கடைக்கு அது அழகாக அமையவில்லை.

விட்சரை வைத்துப் பூட்டே வீண் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் உருவான ‘டெனுவோ’ என்ற முறை 2014 முதல் புழக்கத்துக்கு வந்தபோது, பல விளையாட்டுகள் வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில், உடையாமல் நின்றன. 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, டெனுவோ பூட்டு முதல் வாரங்களிலேயே உடைந்துவிட்டால் வருவாய் சராசரியாக 20 விழுக்காடு அளவுக்குக் குறையலாம் என்றும், 12 வாரங்கள் கடந்தபின் உடைந்தால் இழப்பு ஏறத்தாழ இல்லை என்றும் மதிப்பிட்டது. அதாவது பூட்டுக்குப் பயன் உண்டு, ஆனால் அந்தப் பயனுக்கு ஆயுள் மூன்று மாதம். பல வெளியீட்டாளர்கள் சில மாதங்களுக்குப் பிறகு டெனுவோவைத் தாமே நீக்கிவிடுவது இதனால்தான். நீக்காமல் விட்டவை, யாருக்கும் வருவாய் தராத பூட்டை வாங்கியவரின் தலையில் நிரந்தரமாகச் சுமத்துகின்றன. 2021 நவம்பரில் அந்த முறை சார்ந்திருந்த ஓர் இணைய முகவரி செயலிழந்ததால் பல விளையாட்டுகள் சில மணி நேரம் திறக்காமல் போயின.

பூட்டில்லை என்ற சொல்லுக்கு எல்லை எது என்ற தகராறு ஜிஓஜி கடைக்குள்ளேயே எழுந்ததும் அதே ஆண்டில்தான். 2021 செப்டம்பரில் அங்கே விற்பனைக்கு வந்த ‘ஹிட்மேன்’ விளையாட்டை இணையமின்றித் தொடங்கலாம்; ஆனால் ஆடி ஈட்டும் புதிய கருவிகளும் தொடக்க இடங்களும் சேவையகத்தோடு இணைந்தால்தான் திறக்கும். வாசல் திறந்திருக்கிறது, அறைகள் பூட்டியிருக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் கொதித்து மதிப்புரைகளை நிரப்ப, கடை அடுத்த மாதமே அந்த விளையாட்டை விலக்கிக்கொண்டது. தன் கொள்கையைத் தானே தளர்த்தப் பார்த்து, வாடிக்கையாளர்களால் திருத்தப்பட்ட கடை என்று அதைச் சொன்னால் தவறில்லை.

சட்டம் இவற்றில் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் தன் புதினம் ஒன்றில், இதை ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. 1908-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு பிரதியை ஒருமுறை விற்றபின் அந்தப் பிரதியின் மேல் பதிப்பகத்துக்குப் பிடி இல்லை என்று தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைகளும் வாடகை நூலகங்களும் நிற்பது இந்த ‘முதல் விற்பனைக் கோட்பாட்டின்’ மேல். மென்பொருள் நிறுவனங்கள் கண்டுபிடித்த மாற்றுவழி, விற்பனையே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவது. விற்காத பொருளுக்கு முதல் விற்பனை ஏது? 2010-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மென்பொருள் வட்டுகளை ஏலத்தில் மறுவிற்பனை செய்தவரின் வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஒப்பந்தம் உரிமம் என்று சொன்னால் அது உரிமமே என்று ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-ல் எதிர்மாறாக, காலவரையறையின்றி ஒரே விலைக்குத் தந்த மென்பொருள், பதிவிறக்கமாகவே தரப்பட்டிருந்தாலும், விற்கப்பட்டதுதான் என்றது. அதை நம்பி ஒரு பிரெஞ்சு நுகர்வோர் அமைப்பு ஸ்டீம்மீது தொடுத்த வழக்கு 2019-ல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்று, 2022-ல் மேல்முறையீட்டில் தோற்று, 2024 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. கணினி விளையாட்டு வெறும் மென்பொருள் அன்று, இசையும் ஓவியமும் கதையும் கலந்த படைப்பு என்பதால் மென்பொருளுக்கான விதி அதற்குப் பொருந்தாது என்பது காரணம். கலை என்ற மதிப்பு கிடைத்ததால் உடைமை போனது என்று அந்தத் தீர்ப்பைச் சுருக்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜிஓஜியின் ஒப்பந்தமும் உரிமம் என்றுதான் சொல்கிறது. அங்கே வாங்கியவருக்கும் மறுவிற்பனை உரிமை இல்லை. காகிதத்தில் இரு கடைகளின் வாடிக்கையாளர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கின்றனர். வேறுபாடு அனுபோகத்தில் இருக்கிறது: ஒருவருடைய உரிமத்தைத் தொலைவிலிருந்து நிறுத்திவைக்க முடியும், மற்றவருடையதை நிறுத்த அவர் வீட்டுக்கு வந்து வட்டைப் பிடுங்க வேண்டும்.

நிறுத்திவைப்பது வெறும் சாத்தியம் அன்று என்பதை யூபிசாஃப்ட் 2024-ல் காட்டியது. 2014 டிசம்பரில் அது வெளியிட்ட ‘த க்ரூ’, அமெரிக்க நிலப்பரப்பு முழுவதையும் சுருக்கி அமைத்த கார் ஓட்ட விளையாட்டு. தனியே ஓட்டினாலும் சேவையக இணைப்பு வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனை நின்றது, 2024 மார்ச் 31-ல் சேவையகங்கள் அணைக்கப்பட்டன, பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமமும் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற காணொளிப் படைப்பாளர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கோரிக்கை, சேவையகங்களை எக்காலமும் நடத்த வேண்டும் என்பதன்று. நிறுத்தும்போது விளையாட்டை ஏதேனும் ஒரு வடிவில் இயங்கும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி என்ற வழிமுறையின் கீழ் அதற்குத் திரட்டப்பட்ட கையொப்பங்கள் 2025 ஜூலையில் 10 இலட்சத்தைத் தாண்டின. அப்படிக் கட்டாயப்படுத்தினால் இணைய விளையாட்டுகளை உருவாக்கும் செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்று தொழில்துறைக் கூட்டமைப்பு மறுத்தது. பல்லாயிரம் பேர் ஒன்றாக ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை அந்த மறுப்பில் பொருள் உண்டு. கலிஃபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கிலோ, வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வரம்புக்குட்பட்ட உரிமமே என்று யூபிசாஃப்ட் வாதிட்டது. பெட்டியோடு வந்த செயலாக்கக் குறியீட்டின் காலாவதி ஆண்டு 2099 என்று குறிக்கப்பட்டிருந்ததை வழக்காடிகள் எடுத்துக்காட்டினர்.

அதே கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமத்தை மட்டும் தரும் எண்ணிமக் கடைகள் அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ போன்ற சொற்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. சட்டம் பூட்டைத் தொடவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் திருத்தச் சொன்னது. அக்டோபரிலேயே ஸ்டீமின் கட்டணப் பக்கத்தில், இது உரிமம் மட்டுமே என்ற வரி தோன்றியது. அச்சட்டத்தின் விதிவிலக்கு கவனிக்கத்தக்கது: விற்றபின் விற்பவரால் திரும்பப் பெற முடியாத வகையில், இணையமின்றிப் பயன்படுத்துமாறு வெளிச் சேமிப்புக்கு நிரந்தரமாகப் பதிவிறக்கிக்கொள்ளத் தரப்படும் பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2008-ல் வார்சாவில் வணிக உத்தியாகத் தொடங்கிய ஒன்று, சட்டநூலில் தனி வகையாக இடம் பெற்றுவிட்டது. ஆயினும் கடை செழித்துவிடவில்லை. 2021-ல் நட்டம் கண்டு தன் பணிகளைச் சுருக்கிக்கொண்ட ஜிஓஜியை, 2025 டிசம்பர் இறுதியில் கிச்சின்ஸ்கி தாமே குழுமத்திடமிருந்து தனியாக விலைக்கு வாங்கினார்.

தீராமல் நிற்கும் சிக்கல்களில் வாரிசுரிமையும் ஒன்று. கணக்கை உயில் எழுதி மற்றவருக்கு விட்டுச் செல்ல முடியாது என்று ஸ்டீமின் உதவிப் பிரிவு 2024-ல் ஒரு வாடிக்கையாளருக்கு விடையளித்தது. நீதிமன்ற ஆணை இருந்தால் இயன்றதைச் செய்வதாக ஜிஓஜி சொன்னது. ஆணை கிடைக்கும்வரை காத்திருக்கும் குடும்பத்துக்கு, இறந்தவர் நிறுவிகளை வட்டில் சேர்த்து வைத்திருந்தாரா என்பதே நடைமுறையில் முதல் கேள்வி. கணினியில் இப்படி ஒரு மாற்றுவழியாவது இருக்கிறது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் சாதனங்களில் அதுவும் இல்லை. நின்டெண்டோ நிறுவனம் தன் இரண்டு பழைய சாதனங்களுக்கான இணையக் கடைகளை 2023 மார்ச் 27-ல் மூடியபோது நேர்ந்தது என்ன என்பதை அடுத்த பகுதி விவரிக்கும்.